நிலாவரையில் போட்ட தேசிக்காய்

யாழ்ப்பாணப் பிரயாணிகள் வசதிச் சங்கத்தின் ஐந்தாம் விதி இது: "அங்கீகாரம் பெற்ற வழிகாட்டியாவார், ஆங்கிலமும் தமிழும் பிழையறப் பேசவல்லவராயும், நகரத்தின் ஆலயங்கள், கோட்டைகள், தீர்த்தங்கள் ஆகியவற்றை உட்புகுந்து நேரிற் கண்டறிந்தவராயும், தேகவலுவும் உற்சாகமும் உடையவராயும், பிரயாணிகளுக்கு மெய்யல்லாத எதனையும் உரையாதவராயும் இருத்தல் வேண்டும்."

இந்த விதியின் கீழ், வழிகாட்டிகள் மார்பில் அணியும் பித்தளை வில்லையைப் பெற்ற முதலாவது ஆள் குருநகர் கிறகோரி. சங்கம் தொடங்கிய ஆண்டில் அந்த வேலைக்கு விண்ணப்பித்தவர் அவர் ஒருவரே. ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் கூடி நடத்திய சங்கம் அது. விதிகளை எழுதி முடித்த களைப்பில் அவர்கள் ஆளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார்கள்.

கிறகோரிக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது. வலது முழங்காலில் வாதம். ஆங்கிலத்தில் அவருக்கு 'வெரி ஓல்ட்' என்பதும், 'மைன்ட் யுவர் ஹெட்' என்பதும், இன்னும் அப்படிச் சிலவும் தெரியும். அவை போதுமாக இருந்தன. வெள்ளைக்காரர் பழைய இடங்களைப் பார்க்கத்தான் வந்தார்கள், பழைய இடங்களில் வாசல்கள் தாழ்வாகத்தான் இருந்தன.

உட்புகுந்து காண்பதுதான் சிக்கல். கிறகோரி கத்தோலிக்கர். நல்லூர்க் கோயில் வாசலில் பிரயாணிகளின் சப்பாத்துகளுக்குக் காவலாக நிற்பாரே தவிர, உள்ளே போனதில்லை. கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயமோ வேதக்காரரில் வேறு பிரிவினருடையது. அங்கே கால் வைப்பதைப் பங்குச் சுவாமியார் விரும்பமாட்டார் என்று படியிலேயே நின்றுவிடுவார். மந்திரிமனையின் மேல்மாடிக்கு முழங்கால் விடாது. இப்படியாக, நகரத்தின் சிறப்புகளை எல்லாம் வெளியே நின்று அறிந்த ஒரே மனிதர் நகரத்தின் வழிகாட்டியாக இருந்தார். உள்ளே போய்வந்தவர்கள் வெளியே வந்து அவரிடம் சந்தேகம் கேட்டார்கள். அவரும் தீர்த்து வைத்தார்.

ஆற்று விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கொழும்பில் அச்சான ஒரு கையேடு, ரயிலில் வருபவர்கள் கையில் இருப்பது, யாழ்ப்பாணத்தை 'ஆற்றங்கரையில் அமைந்த தொன்னகர்' என்று வருணித்தது. எழுதியவர் தேசப்படத்தை மட்டும் பார்த்திருக்கவேண்டும். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர இந்தக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் கிறகோரி நேர்மையாக, ஆறு இல்லை, இது நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் பரவைக்கடல் என்று விளக்கப் பார்த்தார். விளக்கம் மத்தியானம் வரைக்கும் நீண்டது. பிறகு, ஆறு எங்கே என்று யாராவது கேட்டால் கோட்டைக்குத் தெற்கே கிடந்த தண்ணீரைக் கையால் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கப் பழகினார். ஒருமுறை ஒரு துரை குனிந்து அள்ளி வாயில் வைத்து, உப்பாக இருக்கிறதே என்றார். வெயில்காலம் என்றார் கிறகோரி.

அவர் பொய்யர் அல்ல. களைத்துப் போனவர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெளியே நின்று பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

தேசிக்காய்க் கதையும் களைப்பில் பிறந்ததுதான். புத்தூர்ப் பக்கம் நிலாவரை என்று ஒரு கேணி இருக்கிறது. அடி காணாத கேணி என்று பெயர். அதற்குள் ஒரு தேசிக்காயை, எலுமிச்சங்காயைத்தான், போட்டால் அது நிலத்துக்குக் கீழாலேயே போய், பல மைலுக்கு அப்பால் கடலோரம் இருக்கும் கீரிமலைத் தீர்த்தத்தில் மிதக்கும் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். கண்டவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதை இல்லை. ஆனால் பிரயாணிகள் மரியாதை தெரியாதவர்கள். கிறகோரி வில்லை அணிந்த முதல் வருஷத்தில், ஒரு தோட்டத்துரை நிலாவரையில் தேசிக்காயை எறிந்துவிட்டு, கீரிமலையில் நாற்காலி போடச் சொல்லி இருட்டும் வரை காத்திருந்தார். கிறகோரியும் கூடவே நின்றார். அன்று அவருடைய முழங்கால் வீங்கியது. இனி இப்படி நிற்க முடியாது என்று முடிவு செய்தார்.

அதற்குப் பிறகு தேசிக்காய் வரத் தொடங்கியது.

முறை சுலபமானது. நிலாவரையில் பிரயாணி தேசிக்காயில் ஏதாவது அடையாளம் கீறிப் போடுவார். கிறகோரி அதைப் பார்த்து வைத்துக்கொள்வார். காரில் அவர் இடம் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில். பிரயாணிகளுக்கு அவருடைய முதுகுதான் தெரியும். அச்சுவேலி தாண்டி வசாவிளான் வருவதற்குள், கோட்டுப் பைக்குள் கிடக்கும் இன்னொரு தேசிக்காயில் சின்னப் பேனாக்கத்தியால் அதே அடையாளத்தைக் கீறி முடிப்பார். கீரிமலையில், படி பாசி பிடித்தது, பார்த்து வாருங்கள் என்று சொல்லிக்கொண்டு முன்னால் இறங்கி, தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பதுபோலக் குனிவார். மற்றவர்கள் வந்து சேரும்போது தேசிக்காய் மிதந்துகொண்டிருக்கும். அவருக்கு ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் துரையின் எழுத்தையும் துரையைவிட அழகாகக் கீறுவார்.

கீறும்போது பிழைத்துப்போன தேசிக்காய்கள் வீட்டுக்குப் போயின. அவருடைய மனைவி யசிந்தா அவற்றை மீன் சொதியில் பிழிந்தாள். எத்தனையோ சீமைப் பெயர்களின் முதலெழுத்துகள் குருநகரில் அப்படி முடிந்தன.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வதில் ஒரு சங்கடம் இருந்தது. பிரான்சிலிருந்து புதிதாக வந்த பங்குச் சுவாமியாரைக் கிறகோரிதான் ஊர் காட்டக் கூட்டிப்போனார். சுவாமியாருக்கும் தேசிக்காய் வந்திருந்தது. ஆகவே சனிக்கிழமைகளில் கிறகோரி 'சில்லறைப் பொய்கள்' என்று மொத்தமாகச் சொல்லி, மொத்தமாக மன்னிப்புப் பெற்றார்.

சாரதி இளையதம்பிக்கு மட்டும் எல்லாம் தெரியும். கனகசபாபதியின் கதையைச் சொன்னவரும் அவர்தான்.

கனகசபாபதி உடுப்பிட்டிக்காரர். இளவயதில் மலாயா போய், ரயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு வந்தவர். வந்தது ஊரில் இருக்க அல்ல. மகள் பாலேஸ்வரியைக் கலியாணம் செய்து கொடுக்க. நெல்லியடியில் மாப்பிள்ளை பேசியாயிற்று. அரசாங்க எழுதுவினைஞர். அவரைப் பற்றி யாரும் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. நிறைவாகவும், சம்பளத்தைத் தவிர, ஒன்றும் சொல்லவில்லை. பாலேஸ்வரி ஈப்போவில் பிறந்து அங்கேயே கொன்வென்ற்றில் படித்தவள். அதே பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் படிப்பிக்கும் வேலை காத்திருந்தது. அவள் மாட்டேன் என்றாள். தகப்பன் செய்யத்தான் வேண்டும் என்றார். கப்பலில் தொடங்கிய வாக்குவாதம் உடுப்பிட்டியில் தொடர்ந்து, இரண்டு பேரும் அலுத்துப்போய், ஒரு மாற்றத்துக்காக ஊர் பார்க்கப் புறப்பட்டார்கள். சொந்த ஊரைப் பார்க்க வழிகாட்டி வைத்துக்கொண்ட முதல் யாழ்ப்பாணத்தார் கனகசபாபதியாகத்தான் இருக்கவேண்டும். மலாயாவில் எதையும் முறையாகச் செய்து பழகியவர்.

கோட்டையில் அவர்கள் பேசவில்லை. நல்லூரில் தகப்பனும் மகளும் தனித்தனியாகக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். சங்கிலித்தோப்பு வாசல் வளைவைக் கிறகோரி காட்டியபோது இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். புத்தூர் வீதியில்தான் வாய் திறந்தது. கனகசபாபதி சின்ன வயதில் தாய் சொன்னது என்று தேசிக்காய்க் கதையைச் சொன்னார். மகள் சிரித்தாள். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல், அதில் ஓட்டைகள் இருக்கலாம், ஆனால் ஒரு தேசிக்காய் வழி கேட்டுப் போகாது என்று அவள் சொன்னாளாம். தகப்பனுக்குச் சுட்டது. பெற்ற தாயைப் பொய்க்காரி என்றமாதிரி இருந்தது. அது வரும் என்றார். வராது என்றாள். அப்படியே போய்ப் போய், அந்த வார்த்தை வந்தது.

"சரி அப்பா. நான் போடுற தேசிக்காய் கீரிமலையிலை வந்தால், நீங்கள் சொல்லுற நாளிலை நான் மணவறையிலை இருக்கிறன். வராட்டில் கப்பலுக்குச் சொல்லுங்கோ."

"சொல்லு மாறமாட்டியே பிள்ளை?"

"நான் உங்கடை மகள்தானே."

கனகசபாபதி உடனே சம்மதித்தார். கோயிலில் பூக்கட்டி வைத்துப் பார்த்துக் கலியாணத்தை நிச்சயிக்கும் ஊரில், தேசிக்காய் போட்டுப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மகளும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் நம்பியது தாயை. அவள் நம்பியது பூகோளப் பாடத்தை. காரில் இருந்த நால்வரில் இருவர் சந்தோஷமாக இருந்தார்கள். மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

நிலாவரையில் கனகசபாபதி செருப்பைக் கழற்றிவிட்டுக் கேணியைச் சுற்றி நடந்தார். பாலேஸ்வரி கேணிக்கட்டில் உட்கார்ந்து, கிறகோரி கொடுத்த தேசிக்காயைக் கையில் உருட்டினாள். கொண்டை ஊசியை எடுத்துத் தோல் முழுவதும் புள்ளி புள்ளியாகக் குத்தத் தொடங்கினாள். கோலத்துக்கு வைப்பதுபோல ஒழுங்கான புள்ளிகள். எழுத்தென்றால் கிறகோரிக்குப் பயமில்லை. இது புதுவிதமான வேலை. அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தலை நிமிராமலே கேட்டாள்.

"நீங்கள் கன பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பியள். இது உண்மையிலை வாறதோ?"

"இண்டைவரைக்கும் வராமல் விட்டதில்லை, தங்கச்சி."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும்."

ஊசி நின்றது. அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று தேடினாள் போலும். கிறகோரியின் முகத்தில் பல வருஷமாக விளையாட்டு இருந்ததில்லை.

"அப்ப நான் விசாரியாமல் வாயை விட்டிட்டன்" என்றாள் மெதுவாக. மிச்சப் புள்ளிகளையும் குத்தி முடித்தாள். தகப்பன் வந்தபோது அவர் கண் முன்னாலேயே தேசிக்காயைக் கேணிக்குள் போட்டாள். அது மிதந்தது. தேசிக்காய் மிதக்கத்தானே செய்யும். யாரும் பார்த்துக்கொண்டிராதபோதுதான் அது கீழே போகும் என்று கிறகோரி வழமைபோலச் சொன்னார். கனகசபாபதி தலையசைத்துக் காருக்கு நடந்தார்.

வழி நெடுக முன்னால் கிறகோரியின் கை பைக்குள் வேலை செய்தது. கத்தியை வைத்துவிட்டு, கோட்டு மடிப்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார். தடவித் தடவிப் புள்ளி வைத்தார். கை பழகியது, அதற்கு யோசனை தேவையில்லை. தேசிக்காய் எண்ணெய் நகக் கண்ணில் எரிந்தது.

தெல்லிப்பழையில் கனகசபாபதி இளநீருக்காகக் காரை நிறுத்தச் சொன்னார். அவரும் மகளும் இறங்கினார்கள். இளையதம்பி பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு கிறகோரியைக் கிட்ட அழைத்தார். தகப்பன் நல்ல மனிதர், ஊரைக் கூட்டிக் கலியாணம் பேசிவிட்டார், பெண்பிள்ளைகள் முதலில் அழுவார்கள், பிறகு சரியாகிவிடும், தன்னுடைய மனைவியும் அழுதவள்தான் என்று நீளமாகச் சொன்னார். இப்போது சரிதானா என்று கிறகோரி கேட்டார். இளையதம்பி ரேடியேற்றரைப் பார்த்தார்.

"வழமையாய்ச் செய்யிறதைச் செய்யுங்கோ அண்ணை. எங்களுக்கேன் உந்த வில்லங்கம்?"

"நான் ஒண்டையும் தீர்மானிக்கேல்லைத் தம்பி. தேசிக்காய் பார்த்துக்கொள்ளும்."

"தேசிக்காய் உங்கடை பையுக்கையெல்லோ கிடக்கு."

அதுவரையில் அவருடைய தேசிக்காய்களால் யாருக்கும் ஒன்றும் நேர்ந்ததில்லை. துரைமார் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய் மேசையில் வைத்திருப்பார்கள். காய்ந்துபோயிருக்கும். அவ்வளவுதான். ஒரு பொய் சும்மா இருக்கும்வரை சுமப்பது லேசு. யாரோ ஒருவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பாரம் தெரிகிறது.

கீரிமலையில் குளிப்பவர்கள் போய்விட்ட நேரம். ஆண்களின் கேணி வெறுமையாகக் கிடந்தது. மதிலுக்கு அப்பால் கடல். பெண்களின் கேணி தனியே, மறைப்புக்குள். படி வழுக்கும் என்பது ஊருக்கே தெரிந்ததால் கனகசபாபதி மேலேயே நின்றார்.

"நீர் முன்னாலை இறங்கிப் பாரும்."

கிறகோரி முன்னால் இறங்கினார். குனிந்தார். தண்ணீரைத் தொட்டார். வழமை எல்லாம் வழமைப்படியே நடந்தது. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"தெரியுதோ?"

"இன்னும் இல்லை ஐயா."

கனகசபாபதி கலங்கவில்லை. முப்பது வருஷம் வண்டிக்குக் காத்திருந்தவர். கடிகாரத்தைப் பார்த்தார். தூரம் கூடுதல், மழையும் குறைவு, கீழே தண்ணீர் மெதுவாகத்தான் ஓடும் என்று கணக்குச் சொன்னார். தாமதம் வேறு, வராமை வேறு என்றார். மகள் அவருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. கேணியைப் பார்க்கவும் இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு மதிலோரமாகக் கடலைப் பார்த்து நின்றாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

வெயில் மெல்லச் சரிந்தது. கனகசபாபதிக்கு ஒரு யோசனை வந்தது. ஒருவேளை மற்றக் கேணிக்குள் வந்திருந்தால்? அங்கே ஆண்கள் போகமுடியாது. வாசலில் அரப்பும் எண்ணெயும் விற்றுக்கொண்டிருந்த சின்னாச்சி என்ற கிழவியைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். அவள் போய், கையில் ஒன்றோடு வந்தாள். கனகசபாபதியின் முகம் விரிந்தது. இளையதம்பி கிறகோரியைப் பார்த்தார். கிறகோரி தன் கையைப் பார்த்தார், அது இன்னும் பைக்குள்தான் இருந்தது.

யாரோ தலையில் தேய்த்துக் குளித்துவிட்டு விட்டுப்போன தேசிக்காய். கனகசபாபதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழியில் கல்லில் அடிபட்டிருக்கும் என்றார். தோல் தேய்ந்திருக்கும், புள்ளி அழிந்திருக்கும் என்றார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. பாலேஸ்வரி அப்போதுதான் திரும்பி வந்தாள். தகப்பனின் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அப்பா, உது பாதி."

அவர் வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மதிலுக்கு மேலால் கடலுக்குள் எறிந்தார்.

சூரியன் கடலைத் தொட்டபோது கனகசபாபதி கடிகாரத்தை மூடிப் பைக்குள் போட்டார். ரயில்வேக்காரர். வராத வண்டியை வந்தது என்று எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை.

"வரேல்லைப் பிள்ளை. கப்பலுக்குச் சொல்லுவம்."

அவள் தகப்பனின் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தாள். திரும்பும் வழியில் தகப்பனும் மகளும் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள் என்று இளையதம்பி சொன்னார். ஈப்போவில் மழை எப்போது தொடங்கும் என்பதைப் பற்றி.

புள்ளி வைத்த தேசிக்காயை யசிந்தா அன்றிரவு சொதியில் பிழிந்தாள். என்ன இது அம்மை வந்தமாதிரி என்று கேட்டாளாம்.

கனகசபாபதி மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். நெல்லியடிக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினார். ஆனால் தாய் சொன்ன கதை பொய்யாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ள அவரால் முடியவில்லை. பிழை எங்கேயோ இருக்கவேண்டும். தாயிடம் இல்லை, தண்ணீரிலும் இல்லை. ஆகவே வழிகாட்டியிடம் இருந்தது. கப்பல் ஏறுமுன் பிரயாணிகள் வசதிச் சங்கத்துக்குப் போய், இத்தனை பேருக்கு வந்த தேசிக்காய் தனக்கு மட்டும் வரவில்லை, ஆள் திறமையற்றவர் என்று முறையிட்டார்.

சங்கத்தின் காரியதரிசி தில்லைநாதன் கிறகோரியைக் கூப்பிட்டு விசாரித்தார். தில்லைநாதனின் வீட்டு அலுமாரியிலேயே காய்ந்த தேசிக்காய் ஒன்று இருந்தது, அவருடைய பெயரின் முதலெழுத்தோடு. ஏன் அன்று வரவில்லை என்று கேட்டார்.

"தெரியாது ஐயா" என்றார் கிறகோரி.

ஐந்தாம் விதி எடுத்து வாசிக்கப்பட்டது. மெய்யல்லாதது எதையும் உரையாதவர் என்ற இடத்தில் காரியதரிசி சற்று நிறுத்தினார். கிறகோரி வில்லையைக் கழற்றி மேசையில் வைத்தார். இத்தனை காலம் பொய் சொல்லி வைத்திருந்த வேலையை, ஒரே ஒருநாள் சொல்லாமல் விட்டதற்காக இழந்தவர் என்று இளையதம்பி சொல்லிச் சிரிப்பார். அவருக்குப் பின் வந்த வழிகாட்டி விதிக்கு முழுவதும் பொருந்தியவர். படித்த இளைஞர். ஆறு கேட்டவர்களுக்கு ஆறு இல்லை என்றே சொன்னார். அடுத்த மாரிக்குள் கொழும்பில் வேலை தேடிப் போய்விட்டார்.

அந்தப் பெண்ணில் இரக்கப்பட்டா அப்படிச் செய்தீர்கள் என்று இளையதம்பி பலமுறை கேட்டிருக்கிறார். முழங்கால் நோகுது தம்பி, எழும்ப ஏலாமல் இருந்தது என்பதுதான் பதில். கருணை என்று சொல்ல இளையதம்பிக்கு ஆசை. சோம்பல் என்று சொல்லச் சங்கத்தாருக்கு ஆசை. பொய்யைத் தொடங்கியதும் நிற்க முடியாத முழங்காலால்தான், நிறுத்தியதும் அதே முழங்காலால்தான் என்று கிறகோரி சொல்கிறபோது அதை மறுக்கவும் முடியாது.

நடந்தது இவ்வளவுதான். கீரிமலைக் கேணியின் கீழ்ப்படியில், தண்ணீருக்குக் கைக்கெட்டும் தூரத்தில், புள்ளி வைத்த தேசிக்காயைப் பைக்குள்ளேயே பிடித்தபடி, பொழுது படும்வரை அவர் உட்கார்ந்திருந்தார்.